இயந்திரமும் தொழிலாளர் கூட்டும்

ஓர் ஆலைக்குப் புதிய இயந்திரம் வருகின்றது. பழையதைவிட அது விரைந்து ஓடும் என்று பொறியியலார் கணக்கிட்டுக் கூறியிருக்கின்றனர். திங்கள் பல கழிகின்றன. உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. வேலைக்கு வாராதோர் தொகைதான் உயர்ந்திருக்கின்றது. தொழிலாளர் சோம்பலுற்றனர் என்று நிர்வாகம் கூறுகின்றது. இயந்திரம் ஆட்களை வாட்டுகின்றது என்று தொழிற்சங்கம் கூறுகின்றது. வழக்கு நீளுகின்றது.

இவ்வழக்கிற்கு மூன்றாவது விடை ஒன்று உண்டு. இயந்திரத்திலும் குற்றம் இல்லாமல் இருக்கலாம். ஆளிடத்திலும் குற்றம் இல்லாமல் இருக்கலாம். வேலையைத் துண்டு துண்டாக அறுத்து, துண்டுக்கு ஒருவராக ஆட்களைப் பிரித்து நிறுத்திய ஏற்பாட்டிலேயே குற்றம் இருக்கக்கூடும் என்பதே அவ்விடை. 1951ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை இதனைச் சான்றுகளோடு எடுத்துரைத்தது. பொறியியல், உளவியல், தொழிலுறவு ஆகிய மூன்று துறைகளும் அதில் ஒன்றுகூடின. அக்கட்டுரை கூறியது யாது, அதன் பின் நிகழ்ந்தது யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

ஆராய்ச்சி பிறந்த சூழல்

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் பிரிட்டனில் தொழிற்கட்சி ஆட்சி அமைத்தது. 1947ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. தனி முதலாளிகளின் கையிலிருந்த சுரங்கங்கள் தேசிய நிலக்கரி வாரியத்தின் பொறுப்பில் வந்தன. தொழிலாளர் நெடுங்காலம் வேண்டிப் போராடிய மாற்றம் இது. வேலை நிலைமைகளும் திருந்தின. ஆதலின் உற்பத்தி பெருகும், பூசல் தணியும் என்று பலரும் நம்பினர்.

நடந்தது வேறு. இயந்திரங்கள் பெருகிய அளவுக்கு உற்பத்தி பெருகவில்லை. தொழிலாளர் பலர் சுரங்கத்தை விட்டு வேறு தொழில் தேடிச் சென்றனர். எஞ்சியோரிலும் ஐவரில் ஒருவர் என்னும் அளவில் வேலைக்கு வாராமை இருந்தது. சிறு சிறு பூசல்கள் ஓயவில்லை. முதலாளி போய்விட்டார், ஆயினும் மனக்குறை போகவில்லை. இதற்குக் காரணம் யாது என்ற வினா எழுந்தது.

இவ்வினாவை எடுத்துக்கொண்டோர் தாவிஸ்டாக் மனித உறவுகள் கழகத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் என்னும் இருவர். டிரிஸ்ட் உளவியல் அறிஞர். பாம்ஃபோர்த் முன்னர் நிலக்கரி வெட்டும் முகப்பிலேயே உழைத்தவர். பின்னர் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு வந்தவர். நூல் கற்றவரும் தொழில் கற்றவரும் இணைந்து எழுதியதனால், நிலத்தடியில் ஒரு நாள் வேலை எவ்வாறு நடக்கின்றது என்பதை அக்கட்டுரை நுணுக்கமாகக் காட்டிற்று. 1947இல் தொடங்கப்பெற்ற ‘ஹியூமன் ரிலேஷன்ஸ்’ என்னும் ஆய்விதழின் நான்காம் தொகுதியில் அது வெளிவந்தது.

பழைய முறை

இயந்திரம் வருமுன் நிலக்கரியைக் கையால் வெட்டினர். இருவர் அல்லது மூவர் கொண்ட சிறு கூட்டம் சுரங்க முகப்பின் ஒரு சிறு பகுதியைத் தன் பொறுப்பில் ஏற்கும். வெட்டுபவர் ஒருவர், அவருடைய துணைவர் ஒருவர், கரி நிரம்பிய தொட்டியைத் தள்ளிச் செல்பவர் ஒருவர். கரியை வெட்டுதல், அள்ளுதல், மேற்கூரை சரியாமல் முட்டுக்கட்டை நிறுத்துதல் ஆகிய எல்லாவற்றையும் அவர்களே செய்வர். வேலையின் தொடக்கமும் முடிவும் அவர்கள் கண்முன்னே இருந்தன.

அவர்கள் தம் கூட்டாளிகளைத் தாமே தேர்ந்துகொண்டனர். நிர்வாகத்தோடு கூட்டாகவே விலை பேசினர்; கூலியைக் கூட்டாகப் பெற்றுப் பங்கிட்டனர். எவ்வளவு வேகத்தில் உழைப்பது என்பதைக் கரியின் தன்மையையும் தம் உடல் வலிமையையும் பார்த்துத் தாமே வகுத்துக்கொண்டனர். மேற்பார்வையாளர் அடிக்கடி வந்து ஏவ வேண்டிய தேவை இல்லை. இக்கூட்டுறவு பல ஆண்டுகள் நீடிக்கும். ஒருவர் விபத்தில் அடிபட்டாலோ இறந்துபட்டாலோ அவருடைய குடும்பத்தைக் கூட்டாளி தாங்குவதும் உண்டு.

இதனைப் பொற்காலம் என்று ஆராய்ச்சியாளர் கூறவில்லை. உடலுழைப்பு மிகக் கடுமையானது. நல்ல இடம் பெறுவதற்காகக் கூட்டங்களுக்கிடையே போட்டியும் பூசலும் இருந்தன. ஆயினும் இருளும் ஆபத்தும் நிறைந்த இடத்தில் மனிதனுக்கு வேண்டிய ஒரு பாதுகாப்பை அச்சிறு கூட்டம் அளித்து வந்தது.

நீள்சுவர் முறை

கரியை வெட்டும் இயந்திரமும் அதனைக் கொண்டுசெல்லும் ஓடுபட்டையும் வந்தபின் சிறு சிறு முகப்புகள் பயன்படவில்லை. இயந்திரம் தடையின்றி ஓட நீண்ட சுவர் வேண்டும். எனவே 180 முதல் 200 கெஜம் வரை நீண்ட ஒரே முகப்பை அமைத்தனர். இதுவே நீள்சுவர் முறை எனப்படும். தொழிலாளர் உழைத்த இடமோ ஏறத்தாழ 2 கெஜ அகலமும் 1 கெஜ உயரமும் உடைய குகை. நிமிர்ந்து நிற்கவும் இயலாது.

இம்முறையில் ஒரு சுற்று வேலைக்கு 40 பேர் வேண்டும். அவர்களை மூன்று ஷிப்டுகளாகப் பிரித்தனர். முதல் ஷிப்டில் 10 பேர் துளையிட்டு, கரிச்சுவரின் அடியை இயந்திரத்தால் அறுப்பர். அடுத்த ஷிப்டில் 10 பேர் ஓடுபட்டையை முன்னே நகர்த்தி, வழிகளை விரித்து அமைப்பர். மூன்றாம் ஷிப்டில் 20 பேர் கரியை உடைத்து ஓடுபட்டையில் அள்ளிப் போடுவர். தோட்டத்தில் நிரை பிரித்துக் கொடுப்பதைப்போல் அள்ளுவோர் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 10 கெஜ நீளம் அளந்து விடப்படும்.

பொறியியல் நோக்கில் இத்திட்டம் குறையற்றது. ஆனால் இதனுள் வேலை ஏழு வகையாகப் பிரிந்துவிட்டது. ஒருவர் ஒரு வகை வேலையை மட்டுமே செய்வார். கூலிக் கணக்கும் அவ்வாறே பிரிந்தது. துளையிடுபவருக்குத் துளையை எண்ணிக் கூலி. அறுப்பவருக்குக் கெஜத்தை அளந்து கூலி. அள்ளுபவருக்கு டன்னை நிறுத்துக் கூலி. நாற்பது பேரும் ஒரே சுவரில் உழைத்தாலும் ஒரு ஷிப்டினர் மற்ற ஷிப்டினரை வேலையிடத்தில் காண்பதில்லை.

ஒருவர் பிழை, மற்றவர் சுமை

ஒரு ஷிப்டின் வேலை முடியாமல் அடுத்த ஷிப்டின் வேலை தொடங்க முடியாது. அடியை அறுத்தவர் சமமாக அறுக்காமல் விட்டால் அந்தத் துன்பம் அவரைச் சேராது. பல மணி நேரம் கழித்து வந்து அள்ளுபவரின் முதுகில் அது விழும். அவருக்கோ டன் கணக்கில்தான் கூலி. கரி இறுகிக் கிடந்தால் உழைப்பு கூடும், வருவாய் குறையும். தவறு செய்தவர் அப்பொழுது வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். யாரிடம் முறையிடுவது?

முன்னர்க் கூட்டத்துக்குள்ளேயே தீர்ந்துவிட்ட சிக்கல்கள் இப்பொழுது நிர்வாகத்தின் வாயிலுக்கு வந்தன. சுற்று முழுவதையும் தன்னுடையது என்று கருதுவோர் தொழிலாளருள் ஒருவரும் இலர். மேற்பார்வையாளர் ஒருவரே அனைத்தையும் இணைக்க வேண்டியவரானார். இருண்ட, நீண்ட குகையில் சிதறிக் கிடக்கும் ஆட்களை அவரால் கண்காணிக்கவும் இயலவில்லை.

இந்நிலையில் தொழிலாளர் தம்மைக் காத்துக்கொள்ள நான்கு வழிகளைக் கையாண்டனர் என்று அக்கட்டுரை வகுத்துக் கூறியது. முதலாவது, சிலர் மட்டும் தமக்குள் சிறு குழு சேர்ந்துகொள்ளுதல். இதனால் குழுவில் சேராதவர் தனிமையுற்றார். இரண்டாவது, யாரையும் நம்பாமல் தன் நலத்தை மட்டும் காத்துக்கொள்ளுதல். மூன்றாவது, ஒரு ஷிப்டினர் மற்றொரு ஷிப்டினர்மீது பழி சுமத்துதல். பழிக்கப்பட்டவர் எதிரில் இல்லாததால் வழக்கு முடிவதே இல்லை. நான்காவது, அவ்வப்போது வேலைக்கு வாராமல் இருந்துவிடுதல்.

நிர்வாகம் சோம்பல் என்று பெயரிட்டதை ஆராய்ச்சியாளர் இவ்வாறு விளக்கினர். தாங்க முடியாத ஓர் ஏற்பாட்டைத் தாங்குவதற்கு மனிதர் கண்டுகொண்ட வழிகள் இவை. குறைந்த உற்பத்தி ஓர் எழுதாத சட்டம்போல் நிலைத்துவிட்டதும் இதனாலேயே.

அதே இயந்திரம், வேறு ஏற்பாடு

அங்ஙனமாயின் இயந்திரத்தைக் கைவிட்டுக் கைமுறைக்குத் திரும்ப வேண்டுமா? வேண்டியதில்லை என்பதைச் சுரங்கத் தொழிலாளரே மெய்ப்பித்தனர். டர்ஹாம் பகுதியில் சில சுரங்கங்களில் தொழிலாளரும் நிர்வாகமும் பேசி, கூட்டு நீள்சுவர் முறை என்னும் ஏற்பாட்டிற்கு உடன்பட்டனர். அதில் இயந்திரமும் மூன்று ஷிப்டுகளும் முன்போலவே இருந்தன. மாறியவை வேறு. ஒருவர் பல வேலைகளைக் கற்றுச் செய்தார். ஒரு ஷிப்டினர் தம் பகுதியை முடித்துவிட்டால் அடுத்த ஷிப்டின் வேலையையும் தொடங்கிவிடுவர். யார் எந்த வேலையைச் செய்வது என்பதைக் குழுவே முடிவு செய்தது. கூலி அனைவருக்கும் பொதுவாக வந்தது, குழுவினர் பங்கிட்டுக்கொண்டனர்.

டிரிஸ்டும் அவருடைய துணைவர்களும் இதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டனர். ஒரே கரிப்படுகையில், ஒரே வகை இயந்திரத்தோடு, ஏறத்தாழ நாற்பது பேர் உழைத்த இரண்டு முகப்புகளை அவர்கள் ஒப்பிட்டனர். ஒன்றில் பழைய நீள்சுவர் ஏற்பாடு. மற்றொன்றில் கூட்டு ஏற்பாடு.

பெற இயலும் என மதிப்பிட்ட அளவில், பழைய ஏற்பாட்டினர் 78 விழுக்காடு உற்பத்தியே எட்டினர். கூட்டு ஏற்பாட்டினர் 95 விழுக்காட்டை எட்டினர். பழைய ஏற்பாட்டில் 100 சுற்றுகளில் 69 சுற்றுகள் காலம் தாழ்ந்தன. கூட்டு ஏற்பாட்டில் 5 மட்டுமே தாழ்ந்தன. வேலைக்கு வாராமை முன்னதில் 20 விழுக்காடு, பின்னதில் 8.2 விழுக்காடு. அதிலும் காரணம் கூறாமல் நின்றது 4.3 விழுக்காட்டிலிருந்து 0.4 ஆகக் குறைந்திருந்தது. விபத்தினால் வாராமை 6.8 விழுக்காட்டிற்கு மாறாக 3.2 விழுக்காடே இருந்தது.

இவ்வெண்களுள் இறுதியாக உள்ளதை ஊன்றி நோக்க வேண்டும். கூரை சரிவதும் கரி விழுவதும் இரண்டு முகப்புகளுக்கும் பொது. எனினும் ஒன்றில் விபத்தால் இழந்த நாட்கள் மற்றதில் பாதிக்கும் குறைவு. வேலையைப் பங்கிடும் முறை உற்பத்திக் கணக்கோடு நின்றுவிடுவது அன்று. தொழிலாளியின் கை கால்களையும் தொடுவது.

இவ்வாராய்ச்சியிலிருந்து பிறந்த கொள்கையைச் சமூகத் தொழில்நுட்ப முறைமை என்பர். ஒரு தொழிலில் இரண்டு பகுதிகள் உள்ளன. கருவி, பொருள், செய்முறை ஆகியவை ஒரு பகுதி. மனிதர், அவர்தம் உறவு, பொறுப்பு, கூலி ஆகியவை மற்றொரு பகுதி. முதற்பகுதியை மட்டும் செவ்வையாக வகுத்துவிட்டு மனிதரை அதற்குள் திணித்தால் இரண்டும் கெடும். இரண்டையும் ஒருங்கே வைத்து வகுத்தல் வேண்டும். ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்பாடுகள் செய்யலாம் என்பதும், அவற்றுள் எதைக் கொள்வது என்பது மனிதரின் தேர்வு என்பதும் இக்கொள்கையின் உயிர்.

அகமதாபாத்தில் ஒரு சோதனை

சுரங்கத்தில் கண்ட உண்மை வேறு தொழிலுக்கும் வேறு நாட்டிற்கும் பொருந்துமா? இதற்கு விடை இந்தியாவில் கிடைத்தது. தாவிஸ்டாக் கழகத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் குசராத்திலுள்ள அகமதாபாத்தின் காலிகோ ஆலைக்கு அழைக்கப்பட்டார். அழைத்தவர் ஆலைத் தலைவர் கௌதம் சாராபாய்.

அந்நகரத்திற்குத் தொழிலுறவில் தனி வரலாறு உண்டு. 1918ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளர் 35 விழுக்காடு கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது காந்தியடிகள் அவர்களுக்காக உண்ணாநோன்பு இருந்தார். அன்று ஆலை முதலாளிகளின் பக்கத்தில் நின்றவர் கௌதமின் தந்தை அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கத்தில் நின்றவர் அம்பாலாலின் உடன்பிறந்தவரான அனசூயா சாராபாய். அப்போராட்டத்தின் தொடர்பில் 1920இல் அங்கு வலிமைமிக்க துணியாலைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று.

காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளை நிறுவியிருந்தனர். ஒரு கூடத்தில் 224 தறிகள்; 29 தொழிலாளர்; அவர்களுக்குள் 12 வகை வேலைகள். நெய்பவர் ஒருவர், ஊடைக் கண்டு நிரப்புபவர் ஒருவர், அறுந்த இழை முடிபவர் ஒருவர், எண்ணெய் இடுபவர் ஒருவர் என்று வேலை பிரிந்து கிடந்தது. ஒவ்வொருவருக்கும் உரிய தறிகளின் எண்ணிக்கை வேறு வேறு. ஆகையால் ஒரு தறியைக் காட்டி, “இத்தறி எங்களுடையது” என்று கூறும் கூட்டம் ஒன்றும் இல்லை. புதுத் தறிகள் வந்தும் உற்பத்தி உயரவில்லை. பழுதான துணி மிகுந்தது.

ரைஸ் கூறிய யோசனை எளியது. தறிகளைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் ஒரு சிறு குழுவின் பொறுப்பில் விடலாம் என்றார். தொழிலாளர் அதனைத் தமதாக்கிக்கொண்ட விரைவு அவரையே வியப்பில் ஆழ்த்தியது. தம்முள் கலந்து பேசிக் குழுக்களை அவர்களே அமைத்துவிட்டனர். 1953ஆம் ஆண்டில் தொடங்கிய இச்சோதனை முதலில் ஏற்ற இறக்கங்களைக் கண்டது. நிலைபெற்ற பின், ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்த தறிகளின் செயல்திறன் 95 விழுக்காடாயிற்று; 32 விழுக்காடாக இருந்த பழுது 20 விழுக்காட்டளவிற்குக் குறைந்தது.

மறுப்பும் மறு ஆய்வும்

ஓர் ஆராய்ச்சியை அச்சிட்டு வெளியிடுவதன் பயன் பாராட்டைப் பெறுவது மட்டும் அன்று. எவர் வேண்டுமாயினும் எடுத்துப் படித்து வினவுவதற்கு அது வழி திறக்கின்றது. ரைஸின் ஆய்வு முறை சரியானதா என்று 1969இல் எஸ். கே. ராய் என்பார் இந்திய ஆய்விதழ் ஒன்றில் மறு ஆய்வு செய்தார். 1978இல் ஜான் கெல்லி என்பார், டிரிஸ்டின் கட்டுரை வெளிவந்த அதே ‘ஹியூமன் ரிலேஷன்ஸ்’ இதழில் கடுமையான ஒரு கேள்வியை எழுப்பினார். உற்பத்தி உயர்ந்ததற்குக் குழு உணர்வு மட்டுமே காரணமா? கூலி ஏற்பாட்டில் நிகழ்ந்த மாற்றத்திற்குப் பங்கு இல்லையா?

இக்கேள்வி நியாயமானது. கூட்டு ஏற்பாட்டில் கூலியும் சேர்ந்தே மாறியது என்பதை மேலே கண்டோம். ஆகவே எது எவ்வளவு பங்கு வகித்தது என்று தனித்தனியே நிறுத்துச் சொல்லுதல் அரிது. கூலியைத் தொடாமல், “குழுவாக உழையுங்கள்” என்று அறிவுரை மட்டும் கூறுவோருக்கு இவ்வாராய்ச்சி துணை நில்லாது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

அகமதாபாத்தில் பின்னர் நடந்ததையும் அறிஞர் மறைக்கவில்லை. எரிக் மில்லர் என்பார் 1970இல் அங்குச் சென்று பார்த்து, 1975இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஓரிடத்தில் குழு முறை பழைய சிறப்போடு நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் அது தேய்ந்து பழைய வழக்கத்திற்குத் திரும்பியிருந்தது. நல்ல ஏற்பாட்டை ஒருமுறை செய்துவிட்டால் போதாது. சந்தையும் நிர்வாகமும் மாறும்போது அதனைக் காக்க வேண்டும் என்பதே அதனால் பெறும் பாடம்.

இன்றைய பயன்

இக்கொள்கை ஐரோப்பாவின் வடபகுதியில் வேரூன்றியது. நார்வே நாட்டில் 1977ஆம் ஆண்டு இயற்றிய வேலைச்சூழல் சட்டம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையையும், இயந்திரத்தின் ஓட்டத்திற்குத் தொழிலாளியைக் கட்டிவைக்கும் வேலையையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று கூறிற்று. ஆராய்ச்சிக் கட்டுரையில் தோன்றிய கருத்து ஒரு நாட்டின் சட்டத்தில் இடம்பெற்றதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

டிரிஸ்டும் பாம்ஃபோர்த்தும் ஆராய்ந்த சுரங்கத் தொழிலோ மறைந்துவிட்டது. அறுத்தலையும் அள்ளுதலையும் ஒருங்கே செய்யும் இயந்திரங்கள் 1950களில் பரவலாயின. பின்னர்ச் சுரங்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி 2015ஆம் ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. எனினும் அந்தப் பழைய கட்டுரை தொழில் நிர்வாகத்தையும் தொழிலுறவையும் கற்போரால் இன்றும் படிக்கப்பெறுகின்றது. இயந்திரங்கள் மாறினாலும், புதிய இயந்திரம் வரும்போது கேட்கவேண்டிய கேள்விகள் மாறவில்லை.

வேலை முழுவதையும் காண்பவர் யார்? ஒருவர் செய்த தவறு யார் தலையில் விழுகின்றது? அவ்விருவரும் நேரில் பேசிக்கொள்ள வழி உண்டா? கூலிக்கணக்கு அவர்களைச் சேர்க்கின்றதா, பிரிக்கின்றதா? வேலையைப் பங்கிடும்போது அதனைச் செய்பவரின் சொல் எடுபடுகின்றதா? இக்கேள்விகளைக் கேளாமல் தொழிலாளியைச் சோம்பேறி என்பதும், இயந்திரத்தைப் பகை என்பதும் ஆராயாத தீர்ப்புகளே ஆகும்.

ஆசிரியர் நெஞ்சில் இருத்த வேண்டியது மற்றொன்றும் உண்டு. கரிச்சுவரின் முன் உழைத்த ஒருவர், தாம் அறிந்ததை முறையாக எழுதக் கற்றார். மேற்பார்வையாளர் கண்ணுக்கும் பொறியியலார் கணக்கிற்கும் எட்டாத செய்திகள் அதனால் உலகிற்குக் கிடைத்தன. உழைக்கும் குடும்பத்திலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளிடமும் இத்தகைய அறிவு உண்டு. பெற்றோர் செய்யும் வேலையை உற்று நோக்கவும், எண்ணிக் குறிக்கவும், கண்டதைக் கண்டபடி எழுதவும் அவர்களைப் பழக்கினால், நாளை ஆராய்ச்சி இதழ்களில் எழுதுவோர் அவர்களிடையேயும் தோன்றுவர்.